பாஞ்சாலி பேருக்குக் கேட்ட பூ

அதியமான்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா ராஜப்பன் எழுதிக்கொள்வது. எல்லம்மா ஆத்தா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நன்றாக இருக்கிறோம், அவ்வளவு தூரத்தில் அசாமில் நீயும் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, பேங்கில் யாரோடும் மல்லுக்கு நிற்காமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதம் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் இந்தக் கதையை நான் ஆரம்பித்தால் உன் அம்மா நடுவில் பிடுங்கிக்கொண்டு அவள் இஷ்டத்துக்குச் சொல்லிவிடுவாள், தெருவில் ஏற்கெனவே அவள் சொன்ன கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. என் பக்கத்தை உனக்காவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் தூங்குகிற நேரம் பார்த்து எழுதுகிறேன்.

வத்தல்மலைப் பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்த அன்று நீ போனில் போட்ட கூச்சல் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. கூச்சல் அடங்கின பிறகுதான் எங்களுக்குக் கவலை பிடித்தது. இங்கிருந்து தர்மபுரி போய் பஸ் மாறி மலை ஏறினால் உலை வைக்கிற நேரம் தாண்டிவிடும், பிள்ளைகள் தட்டோடு காத்துக்கொண்டிருக்கும். நம் பழைய வண்டியைப் பற்றி உனக்கே தெரியும், மெக்கானிக் கையை விரித்துவிட்டார், இப்போது மாட்டுக் கொட்டகையில் அதன் சீட்டு மேல் கோழி முட்டையிடுகிறது. சாமந்திப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற மொபெட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து அந்தக் கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவது நடக்கிற காரியமா. ஒன்றாம் தேதி போய் வேலையில் சேராவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷம் சமையல் உதவியாளராக அடுத்தவர் சொன்னதைக் கேட்டுக் கரண்டி பிடித்தவள், மலை மேல் ஒரு வீடு பார்த்துத் தங்கிக்கொள்ளட்டுமா, இல்லை வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டபோது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். புது வண்டி வாங்குவோம், தினமும் நானே கொண்டுபோய் விடுகிறேன், வண்டி பார்க்கிற வேலையை என்னிடம் விட்டுவிடு என்று மார்தட்டிவிட்டு எழுந்தேன். காலையில் பூ மார்க்கெட்டில் நிற்க வேண்டியவன் அதே நேரத்தில் மலையில் எப்படி நிற்பான் என்று எனக்கும் தோன்றவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் தோன்றவில்லை.

வண்டி வாங்கப் போகிறவனுக்கு யோசனை சொல்ல இந்த ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது கண்ணு. விசாரித்துப் பார்த்ததில் ஒன்று கண்டுகொண்டேன், ஒவ்வொருவனும் தான் ஓட்டுகிற வண்டியைத்தான் உலகத்திலேயே நல்ல வண்டி என்கிறான். உன் சித்தப்பா மகன் சின்னராஜ் ஒரு வண்டி வைத்திருக்கிறானே, பின்சீட்டு மாடி மாதிரி தூக்கிக்கொண்டு, அதில் என்னை ஏற்றி ஹைவேயில் ஒரு ரவுண்டு அடித்தான், இறங்கும்போது என் முதுகு எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. கம்பைநல்லூரிலிருந்து உன் மாமன் முருகேஷ் போன் போட்டு, மாமா, மைலேஜ் மட்டும் பாருங்க, மத்ததெல்லாம் வெறும் பெயின்ட்டு என்றான். நீ உன் பங்குக்கு வீடியோவாக அனுப்பிக்கொண்டிருந்தாய், எல்லாவற்றையும் பார்த்தேன், எல்லாவற்றிலும் பேசுகிறவன் தாடி வைத்திருந்தான். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படுகிற வண்டியாகப் பாருங்கள் அப்பா என்று நீ சொன்னதை மட்டும் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டேன், ஏனென்றால் என் மனசில் இருந்தது ஒரே வண்டிதான். புல்லட். வாலிபத்தில் அந்தச் சத்தம் தெருவில் கேட்டால் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடிப் பார்த்தவன் நான், உன் அப்பனுக்கு அதுகூடக் கொடுத்து வைக்காதா என்று இருந்தது.

நம் குடும்பத்து உயரம் உனக்குத் தெரியும். அதனால் எல்லாக் கம்பெனி வண்டியும் விற்கிற ஷோரூமுக்குப் போகிற அன்று உன் சித்தப்பா கல்யாணத்துக்கு எடுத்த குதிகால் உயர்ந்த ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே அன்பரசி என்று ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், வண்டிகளைக் காட்டினாள். முதல் கேள்வியே, வண்டி ஓட்டப் போறது யாருங்க ஐயா என்றாள். என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது, நான்தான் என்றேன். அவள் என் ஷூவை ஒரு பார்வை பார்த்தாள். ஓட்டிப் பார்க்க வண்டியைக் கொடுத்ததும் நேராக நம் வீட்டுக்கு விட்டேன், அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டு ராமக்காள் உட்பட எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பெருமையில் ரோட்டிலேயே நிறுத்தாமல் சரிவில் இறங்கி நம் சந்துக்குள் விட்டுவிட்டேன். திரும்பிப் போக வண்டியைப் பின்னால் மேட்டுக்குத் தள்ள வேண்டும், எனக்கோ தரையில் படுவது கட்டைவிரல் மட்டும். அசையவில்லை. இறங்கி இழுத்தேன், அப்போதும் அசையவில்லை. கடைசியில் தெரு ஆண்கள் எல்லாரும் சேர்ந்து முரண்டு பிடிக்கிற மாட்டை இழுக்கிற மாதிரி வாலைப் பிடித்து இழுத்து ரோட்டில் ஏற்றினார்கள். உன் அம்மா கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் எனக்கு ஆசை விடவில்லை. அன்பரசி காட்டின இன்னொரு வண்டி, ஒல்லியாக, கனமில்லாமல், பள்ளிக்கூட வாத்தியார்கள் ஓட்டுகிற மாதிரி இருந்தது. இரண்டில் எது என்று முடிவுக்கு வர முடியாமல், வெள்ளிக்கிழமை எல்லம்மா கோயிலில் பூ கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். பூ எது சொன்னாலும் அதுதான், மறுபேச்சு இல்லை என்று வீட்டில் சத்தியமும் பண்ணிவிட்டுத்தான் போனேன். வெள்ளைச் சம்பங்கி வந்தால் புல்லட், சிவப்பு அரளி வந்தால் ஒல்லி வண்டி. பூசாரி இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து ஆத்தா காலடியில் போட்டுவிட்டு, யார் பேருக்கு கேக்கணும்ங்க என்றார். நம் வீட்டில் மாடு வாங்கினாலும் மோட்டார் வாங்கினாலும் உன் அம்மா பேருக்குத்தானே வாங்குவோம், அவள் ராசிக்குத்தானே எதுவும் நிலைக்கும், பழைய வண்டி புக்கிலும் அவள் பேர்தான். அந்தப் பழக்கத்தில், பாஞ்சாலி, ரோகிணி நட்சத்திரம் என்று சொல்லிவிட்டேன். பூசாரியின் பேத்தி வந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பிரித்தால் அரளி. இன்னொரு தடவை கேட்கலாமா என்று இழுத்தேன், கேட்டதையே திருப்பிக் கேட்டா ஆத்தா கோவிச்சுக்குவாங்க என்று பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என்ன பூ என்று கேட்டாள், சொன்னேன். அந்த வண்டி எனக்குப் பொருந்தாது பாஞ்சாலி, ஆத்தா ஏன் இப்படிச் சொன்னாள் என்று புரியவில்லை என்றேன். யார் பேருக்குக் கேட்டீர்கள் என்றாள். உன் பேருக்குத்தான் என்றேன். மொச்சையை முறத்தில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள் பார், ஏங்க, எம்பேரைச் சொல்லிக் கேட்டா எனக்கு எந்த வண்டி பொருந்தும்னுதானுங்க ஆத்தா சொல்லுவா, உங்களுக்கு எதுன்னு எப்படிச் சொல்லுவா என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், தெனமும் மலைக்குப் போறது நான், வூட்டுல இருந்து பூ எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போறது நீங்க, அப்ப அந்த வண்டிய யாரு ஓட்டணும்னு ஒரு ஆளாச்சும் கேட்டீங்களா என்றாள். ஷோரூமில் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தியம் பண்ணினவனும் நான், பூ கேட்டவனும் நான், பேர் சொன்னவனும் நான், இதில் எங்கே போய் வாதாடுவது.

உன் அம்மா கம்பைநல்லூரில் கல்யாணமாகாத பெண்ணாக இருந்தபோது முருகேஷ் வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் சுற்றியவள் என்பதும், மகளிர் குழுப் பெண்களோடு போய் லைசென்ஸ் எடுத்தபோது கியர் வண்டிக்கும் சேர்த்தே எடுத்து வைத்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரிந்த விஷயந்தான், ஆனால் அது இந்தக் கணக்கில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. மறுநாள் நீ பீரோவில் விட்டுப்போன பச்சைச் சுடிதாரை மாட்டிக்கொண்டு ஷோரூமுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் வண்டி பார்த்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சத்தத்தைக் கேட்கவில்லை, நிறத்தைக் கேட்கவில்லை. முதலில் ஸ்டாண்டை எடுத்து வண்டியைக் கையால் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள், பிறகு செருப்போடு உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் முழுசாக ஊன்றினாள், பிரேக்குக்கு விரல் எட்டுகிறதா என்று அழுத்திப் பார்த்தாள், மறுபடி இறங்கி ஏறினாள். கடைசியாக என்னைப் பின்னால் உட்காரச் சொல்லி, மடியில் ஒரு அரிசிப் பையையும் கொடுத்து, மேம்பாலத்தில் ஏற்றி நடு ஏற்றத்தில் நிறுத்தித் திரும்ப எடுத்தாள். வண்டி ஒரு அடி பின்னால் போகவில்லை. திரும்பி வந்ததும் அன்பரசி, வண்டி ஓட்டப் போறது யாருங்கம்மா என்று கேட்க, உன் அம்மா நாந்தாங்க என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது கண்ணு, மறைப்பானேன்.

எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயிலில் மாலை போட்டு, ஒன்றாம் தேதிக்கு முன்னால் ஒரு நாள் ஒத்திகைக்கு மலைக்குப் போனோம். அவள் முன்னால், நான் பின்னால். முதல் வளைவிலிருந்தே செகண்டு போடு, ஹாரன் அடி, ஓரமாகப் போ என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மூணாவது வளைவில் வண்டியை நிறுத்தி, பேசாம உக்காந்து வாங்க, இல்லேன்னா எறங்கி நடந்து வாங்க என்றாள். பேசாமல் வந்தேன். மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது, கீழே நம் பக்கத்து வயலெல்லாம் துண்டு துண்டாகத் தெரிந்தது, கண்ணாடியில் பார்த்தால் உன் அம்மா தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. ஒன்றாம் தேதி தனியாகப் போய் வேலையில் சேர்ந்துவிட்டாள், உலை வைக்கிற நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டாளாம், சாம்பாரில் உப்பு சரியாக இருந்ததாம்.

நேற்று பள்ளிக்கூடம் லீவு என்பதால் மார்க்கெட்டுக்கு அவள் வண்டியை நான் எடுத்துப் போனேன். கண்ணாடி இரண்டும் அவள் பார்வைக்குத் திருப்பியிருந்தது, எனக்கு என் தோள்பட்டைதான் தெரிந்தது. திருப்பிவிட்டால் மறுபடி அவள் சரி பண்ண வேண்டுமே என்று அப்படியே விட்டுவிட்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

நீயும் அங்கே வண்டி வாங்கப் போவதாகச் சொன்னாய். ஆபீசில் சொல்கிறவர்கள் சொல்லட்டும், நீ உட்கார்ந்து, தள்ளி, ஏறி இறங்கிப் பார்த்து வாங்கு, முதலில் ஹெல்மெட் வாங்கு. மழை நாளில் அவசரப்படாதே. அம்மாவுக்கு இன்னும் இரண்டு பழைய சுடிதார் இருந்தால் பார்சலில் போடு, பச்சை ஒன்றையே துவைத்துத் துவைத்துப் போடுகிறாள். ஆத்தா உன்னை எந்த ஊரில் இருந்தாலும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, இது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், வருகிற வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் என் பேருக்கு ஒரு தடவை பூ கேட்கப் போகிறேன். வெள்ளை வந்தால் புல்லட், சிவப்பு வந்தால் உன் அம்மாவின் பின்சீட்டு. எந்தப் பூ வந்தாலும் எனக்குச் சந்தோஷந்தான்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
ராஜப்பன்.