ரேஷன் கடை வரும் பாட்டு

கீழப்பழுவூர்,
20-2-1944

அன்புள்ள சிந்தாமணிக்கு,

தபாலில் போடப் பயந்து, இதை உன் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடு.

உன் சித்தப்பா நினைவாக நீங்கள் நாலு பேர் பட்டணத்தில் பாடும் கிராமபோன் பிளேட்டில், நான் கடைசியாக அனுப்பிய பாட்டு வேண்டாம். அதில் ரேஷன் கடை வருகிறது. ரேஷன் வந்ததே போன வருஷம்தான். சர்க்காரை ஏசிப் பாடியதற்காக அவனைத் தேடிய போலீஸ், கொள்ளிடத்தில் மூழ்கிப்போனான் என்று எழுதிக் கேஸை மூடியது அதற்கு முந்தின வருஷம். பரீட்சையில் பார்த்து எழுதுகிற பையன் பக்கத்தில் இருப்பவனின் பிழையையும் சேர்த்து எழுதித்தான் மாட்டிக்கொள்வான். அவன் சொல்லச் சொல்ல எழுதிய நான், சந்திப்பிழை பார்த்தேனே தவிர இதைப் பார்க்கவில்லை.

நெல் அறையில் படுத்திருப்பவனிடம் சொன்னேன். "செத்ததுக்கப்புறம்தாண்ணே நல்லா எழுதுறேன், அதையும் அடிக்கிறீங்களே" என்று சிரிக்கிறான்.

ஏற்கெனவே பாடியிருந்தால், "பாடியாச்சு" என்று மட்டும் தந்தி கொடு, அம்மா. அன்றைக்கே அவனை வேப்பந்தட்டைப் பக்கம் அனுப்பியாக வேண்டும். காய்ச்சல் இன்னும் விடவில்லை. கொல்லைவரை நடந்தாலே உட்கார்ந்துவிடுகிறான்.

உன் அப்பா