குரல் கொடுக்காமல் நீ வரமாட்டாய்

என் பிரியமான மாப்பிள்ளை செல்வத்துக்கு,

உன் மகன் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான். செத்தவர்கள் எழுந்து வந்து மனிதரைக் கடிக்கும் படங்கள்தான் பார்க்கிறான். கொரியாக்காரன் எடுத்ததும் சரி, நம்மவர்கள் எடுத்ததும் சரி, எல்லாமே நாம் பாபநாசத்தில் வாடகை வீடியோ டெக்கில் பார்த்த அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்ட குட்டிகள். பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் கூட்டாளிகள் சேர்ந்து எடுத்த படம் என்று நீதான் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாய்.

எனக்குப் பிணங்கள்தான் மனதில் நின்றன. உனக்கு அதன் முடிவு. இரவெல்லாம் பிணங்களோடு போராடிப் பிழைத்தவன், விடிந்ததும் ஜன்னலருகே வருகிறான். காப்பாற்ற வந்த கூட்டமே அவனையும் பிணமென்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. "ஒரு குரல் குடுத்திருந்தா பொழச்சிருப்பான் மச்சான்" என்று வீடு வரும்வரை புலம்பினாய்.

அதோடு விட்டாயா? மோட்டார் கொட்டகைகளில் செம்புக் கம்பி திருட்டுப்போய் ஊரார் தடியோடு காவல் போட்டபோது, பனியில் வரப்பில் வருகிறவர்கள் பேரைச் சொல்லிக்கொண்டே வரவேண்டும் என்று வழக்கம் உண்டாக்கியவன் நீ. மோட்டார் ரிப்பேருக்கு விடியுமுன்னே கிளம்புகிறவன் வேறு. முதலில் கேலி செய்தார்கள். இப்போது அந்தப் படத்தைக் கண்ணால் பார்க்காத கிழவர்கள்கூட அப்படித்தான் வயலுக்குப் போகிறார்கள்.

அப்படிப்பட்ட நீ அன்று விடியுமுன் வரப்பில் குரல் கொடுக்காமல் போனாயாம். திருடன் என்று நினைத்து அடித்ததில் செத்துப்போனாயாம். தவறுதலாக நடந்ததாம். அடித்தவர்களே நம் வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதார்கள், மாப்பிள்ளை. உன் பெண்டாட்டி, என் தங்கை, அதை நம்பிவிட்டாள். எனக்கு மட்டும் ஒப்பவில்லை. சோறு தின்ன மறப்பாய், வரப்பில் குரல் கொடுக்க மறப்பாயா? ஆற்று மணல் அள்ளுகிறார்கள் என்று நீ மனு கொடுத்தது யார்மேல்? காவலில் முன்னால் நின்ற குமார் யாருடைய லாரி ஓட்டுகிறான்?

கேட்டால், செத்தவனை வைத்து வம்பு வளர்க்கிறேன் என்கிறார்கள்.

போன வாரம் ஒருவர் வாய் திறந்தார். ஆணா பெண்ணா என்றுகூட எழுதமாட்டேன். ஊருக்கே எழுதுகிற கடிதம் இது, அடித்தவர்களும் படிப்பார்கள். அன்றைக்குக் காதால் கேட்டவர். வெகுநேரம் மாட்டைப் பற்றியே பேசிவிட்டு, கடைசியில் உடைந்து அழுதார்.

"செல்வம் எப்பவும் போல பேரச் சொல்லித்தான் குரல் குடுத்துச்சு தம்பி. 'தெரியுது, வா'ன்னு குமாரு பதில் குடுத்தான்."

அந்தப் படத்தில் சுட்டவனுக்கு ஆள் தெரியாது. இவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நேற்று குமாரே வந்தான். வாசலில் நின்றுகொண்டு, யாரையாவது பார்த்துப் பேசினீர்களா என்று சாதாரணமாகக் கேட்டான். நாற்றங்கால் விஷயமாக அலைகிறேன் என்றேன். நம்பின மாதிரிதான் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. இப்போதெல்லாம் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கிறது. அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தங்கையிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்; நாளை அவளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் எஸ்.பி. ஆபீசுக்குப் போகிறேன். இது கொலை என்று அவர்கள் ஒத்துக்கொள்ளும்வரை ஓயமாட்டேன், உன்மேல் ஆணை. இடையில் எனக்கு ஏதாவது ஆனால், அது தவறுதலாக நடக்கவில்லை என்று இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியட்டும்.

உன் மகனுக்கு இனி தகப்பனுமாகிய தாய்மாமன்,
உன் மச்சான் ரவி