அது உன் ரத்தம் இல்லை, அண்ணா

என்மேல் ஒருநாளும் கை ஓங்காத என் அண்ணனுக்கு,

உன் மெக்கானிக் பட்டறைக்கு யார் வந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு டீசலில் வண்டிச் சாமான் கழுவுவேனே, எட்டாவதோடு நின்ற உன் தங்கச்சி, அவள்தான் எழுதுகிறேன். “எங்க வூட்டு ஊமை, கேட்டா கையைத்தான் காட்டும்” என்று என்னைக் கேலி செய்வாய். அந்த ஊமை இன்ஸ்பெக்டரிடம் பேசிவிட்டாள்.

எல்லாம் மில்லுக்காரர் வீட்டு அமெரிக்கக் காரால் வந்தது. இரண்டே கதவும் நீள மூக்குமாக நின்ற அந்தப் பழைய பந்தயக் காரைப் பெரம்பலூர் மெக்கானிக்குகள் தொடவே பயந்தார்கள். நீ ஓட வைத்தாய். ஆயுத பூசைக்கு, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு அடிப்பது போலவே அதன் இன்ஜினுக்கும் வெள்ளிப் பெயிண்ட்டைக் கனமாக அடித்துச் சந்தனம் வைத்தாய். பூசைக்கு வண்டி பளபளக்க வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரியும். கம்பெனிக்காரன் அடித்த நிறத்தை மறைத்தால் அதன் மதிப்பே போய்விடும் என்று யாருக்குத் தெரியும்?

கோயம்புத்தூரிலிருந்து காரை வாங்க வந்தவர் டார்ச் அடித்து, இன்ஜின் ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். “கம்பெனி பெயிண்ட் நீலமா இருக்கும். நம்பர் இந்த இடத்துல கொத்தியிருக்கும். இது பீரோ மாதிரில்ல இருக்கு? ஒரிஜினல் இன்ஜின் இல்லீங்க இது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மில்லுக்காரரின் தம்பி ஷட்டரை இறக்கினான். “ஒரிஜினல் இன்ஜினை எவன்கிட்டடா வித்த?”

“பூசைக்கு அடிச்ச பெயிண்ட்டுங்க. தின்னர் போட்டுத் தொடைச்சா நம்பர் தெரியும். இருங்க, காட்டுறேன்.”

நீ தின்னர் டப்பாவை எடுக்கக் குனிந்தாய். அவன் ஜாக்கிக் கம்பியால் உன் பிடரியில் அடித்தான். அவன் ஆள் என் தலைமயிரைச் சுற்றிப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். நீ பட்டறை மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். மேசையில் பூட்டிய, சாமானை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸில் அவன் உன் முகத்தை மோதினான். பல் தெறித்தது. விழுந்த பிறகும் விடவில்லை. எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த விறகு முறிவது போலத்தான் இருக்கிறது, அண்ணா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வேனில் என் மடியில் கிடந்தாய். ஏதோ சொல்ல வந்தாய். தாடை உடைந்திருந்தது. பாடாலூர் தாண்டியதும் உன் கை கனத்துப்போனது. என்ன சொல்ல வந்தாய்?

நான் திரும்புவதற்குள் மேசைப் பக்கத்தை டீசல் ஊற்றிக் கழுவி, காரை ஒருபக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். “ஜாக்கி நழுவிச்சு, கார் மேல விழுந்துச்சு. அப்படித்தான் சொல்லணும். இல்ல, உங்கம்மாவையும் அது அடியில படுக்க வைப்பேன்” என்றான் அவன்.

மறுநாள் மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். ஏட்டு காருக்கு அடியில் கைகாட்டினார். “இங்கதான் சார் கிடந்தான். பாருங்க, ரத்தம் இன்னும் காயல.”

தரையில் சிவப்பாகத் தேங்கியிருந்தது. அம்மாவைப் பற்றி அவன் மிரட்டியது காதில் நின்றது. ஆனாலும் வாய் வந்துவிட்டது. “அது ரத்தம் இல்ல சார்.”

“நீ யாரும்மா?”

“தங்கச்சி. இந்தக் காருக்குக் கியர் ஆயில் செவப்பா இருக்கும் சார். நான்தான் ஊத்தினேன். ஒழுகுது. ரத்தம்னா இந்நேரம் கறுத்திருக்கும்.”

“அப்ப ரத்தம் எங்க?”

வைஸின் அடியைக் காட்டினேன். டீசல் எட்டாத இடுக்கில் கறுப்பாக உறைந்திருந்தது. அதில் உன் தலைமயிர் ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். வைஸை யாரும் தொடக் கூடாது என்று ஏட்டிடம் சொன்னார்.

பிறகு போலீஸ்காரர்களே ஆள் வைத்து இன்ஜினைத் துடைத்தார்கள். வெள்ளிக்கு அடியில் நீலம் வந்தது, வந்தவர் சொன்ன இடத்திலேயே நம்பரும் வந்தது. நீ ஒரு நட்டைக்கூட மாற்றவில்லை. உன்னைத் திருடன் என்று பேசிய தெரு இப்போது எங்களைக் கண்டால் கதவைச் சாத்துகிறது. எதற்கு வெட்கம் என்று தெரியவில்லை.

மில்லுக்காரரின் தம்பியைக் கைது செய்தும் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். போன வாரம் வந்து நம் வீட்டுக் கதவை உதைத்து உடைத்தான். அம்மாவின் தோளில் கட்டையால் அடித்தான். அம்மா கதிர் அறுக்கிற கருக்கரிவாளை எடுத்து அவன் முன்னங்கையைக் கிழித்துவிட்டது. நம் அம்மா, கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டில் ஆள் கூப்பிடுமே, அதேதான். வாசலெல்லாம் அவன் ரத்தம். நான்தான் கழுவினேன்.

இப்போது அம்மா மேலும் கேஸ். நான் சாட்சியை மாற்றிச் சொன்னால் அதை வாபஸ் வாங்குகிறார்களாம். மில்லுக்காரரே வந்து தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் அம்மா முகத்தைப் பார்த்தேன்.

“என்னை ஏன்டி பாக்குற? உள்ள போட்டா சோறு போடுவாங்க. நீ பாத்ததச் சொல்லு” என்றது.

அம்மாவையும் கொண்டுபோய்விட்டால் இந்த வீட்டில் நான் மட்டும் எப்படி இருப்பேன்? கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை. பயமாகத்தான் இருக்கிறது, அண்ணா.

இருந்தாலும் வருகிற வாய்தாவில் கூண்டில் ஏறுவேன். குரல் நடுங்கும், நடுங்கட்டும். ஜட்ஜுக்குக் கேட்கவில்லை என்றால் திரும்பச் சொல்வேன். எந்தக் கையால் அடித்தான், எத்தனை முறை எழுந்திருக்கப் பார்த்தாய், எல்லாம் சொல்வேன். தலையைக் குனிய மாட்டேன், அவன் முகத்தைப் பார்த்தே சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சுமதி