பதினேழாம் எண் பாட்டில்

மர்சியாக்,
ஜனவரி 28

அன்புள்ள தம்பி எமரிக்,

நலமாக இருக்கிறாயா என்று கேட்கும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். ஆனாலும் கேட்கிறேன். இங்கே கடும் பனி. உன் திராட்சைச் சரிவில் மூன்று குளிர்காலமாகக் கவாத்து இல்லை. கொடிகள் பரட்டைத் தலையோடு நிற்கின்றன. வரும் பன்னிரண்டாம் தேதி அதை ரொதேஸ் நகரத்துக்காரர் ஒருவருக்கு விற்று எழுதிக் கொடுக்கப் போகிறாயாம். கையெழுத்திடும் முன் இதைப் படித்துவிடு.

அப்பா எனக்கு மொன்பெலியேவில் ஒயின் படிப்பைக் கொடுத்தார். உனக்குச் செம்மண் சரிவைக் கொடுத்தார். "படிச்சவனுக்கு எதுக்குடா மண்ணு?" என்று ஊரார் முன்னால் சிரித்தார். நீயும் சிரித்தாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் உன் ஒயினைத் தகுதியில்லை என்று தள்ளிய சுவைக் குழுவின் ஐவரில் நானும் ஒருவன் என்பது உனக்குத் தெரியும். தெரியாதது இது. துணி சுற்றிய பாட்டில்கள், எண்கள் மட்டும். பதினேழாம் எண்ணை மூக்கருகே கொண்டுபோனதுமே உன்னுடையது என்று அறிந்தேன். முதலில் ராஸ்பெரிப் பழ மணம், பின்னால் இரும்பு வாடை. அந்தச் சரிவைத் தவிர வேறெங்கும் அது வராது. அடையாளம் தெரிந்தவர் எழுந்து வெளியேற வேண்டும் என்பது விதி. நான் எழவில்லை.

நம் மன்சுவா திராட்சை ஒயின் திறந்தவுடன் கொஞ்சம் அழுகல் வாடை அடிக்கும். கோப்பையை நாலு சுற்று சுற்றினால் போய்விடும். இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான். நான் சுற்றவில்லை. முகத்தைச் சுளித்து, "தொட்டி கழுவாத நாத்தம்" என்றேன். படித்தவன் சொல்கிறானே என்று இன்னும் இருவர் தலையாட்டினார்கள். மூன்று மறுப்பு போதும், பாட்டிலில் மர்சியாக் என்று ஊர்ப் பெயர் போட முடியாது. உன் அந்த ஆண்டு ஒயின் முழுவதும் பெயரில்லாமல் மலிவு விலைக்கு டாங்கரில் போயிற்று.

"ஒயின் போடுற என் கை கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு நீ துலூஸுக்கு லாரி ஓட்டக் கிளம்பினதை உன் மனைவி கொரின் அழுதுகொண்டே சொன்னாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

நேற்று குழுத் தலைவி மதாம் பெலிசியேவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதைச் சொல்ல உனக்கு மூணு வருஷமாய்யா? உன் படிப்பைக் கொண்டுபோய் அடுப்புல போடு" என்றாள். நியாயம்தான்.

விற்காதே, எமரிக். என்னைப் பார்க்க வர வேண்டாம். நீ வருகிற நாளில் நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். உன் கொடிகளுக்காக வா. கவாத்துக்கு மார்ச் வரை அவை பொறுக்கும். உன் கையில் ஒருநாளும் குறை இருந்ததில்லை.

சாலையெல்லாம் வழுக்குகிறதாம். லாரியை மெதுவாக ஓட்டு.

உன் அண்ணன்,
ஜெர்வே