பீரோவுக்குள் போன பொம்மை

பீரோ சாவி டீத்தூள் டப்பாவுக்குள் இருக்கிறது. தூங்கி எழுந்ததும் முதல் வேலையாகப் பீரோவைத் திறந்து, நம் பெண் வாலுவின் சாமான்களை வெளியே எடுத்து வையுங்கள். அவள் ஸ்கூல் விட்டு வருவதற்குள் அதது இருந்த இடத்துக்குப் போயிருக்க வேண்டும்.

நேற்று தம்பியைத் தள்ளிவிட்டாள். அவன் நெற்றி புடைத்திருக்கிறது. கலர் பென்சிலைப் பிடுங்கிப் பூட்டலாம் என்று பீரோவைத் திறந்தேன். சைக்கிள் சாவியும் கேரம் போர்டும் தண்டனையாக நாம் பிடுங்கி வைத்தவை. கரடி பொம்மை, பிறந்தநாள் கவுன் எல்லாம், சாவியைத் தேடியெடுத்து அவளே கொண்டுவந்து வைத்தவை.

"எதுக்குடி இது?" என்றேன்.

"எப்படியும் எடுக்கத்தானே போறீங்க" என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

எதற்கும் அசையமாட்டேன் என்கிறாள், இன்னும் இறுக்கிப் பிடி என்று நீங்கள் சொன்னீர்கள். இனிப் பிடிக்க அவளிடம் என்ன மிச்சம்?

தம்பிக்கு மருந்தை அவள் கையாலேயே போடச் சொல்லுங்கள். தண்டனை அது போதும். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்க்காரர் வருவார். இது பற்றிய நம் சண்டையை நான் வேலை முடிந்து வந்த பிறகு வைத்துக்கொள்வோம். வேன் வந்துவிட்டது.

பி.கு.: பொம்மைக்கு அடியில், அவளை நீங்கள் தோளில் தூக்கி வைத்திருக்கும் போட்டோவும் இருந்தது. நீங்கள் அவளோடு பேச்சை நிறுத்தி ஒரு வாரமாகிறது. அதை மட்டுமாவது எடுத்துத் திரும்பக் கொடுக்கப் போனேன்.

"அது உள்ளேயே இருக்கட்டும்மா. அப்பாவைத்தான் ஏற்கெனவே எடுத்துட்டீங்களே" என்றாள்.