கலந்தாய்வுக்கு முன் ஒரு பதில்

திண்ணனூர் நாடு,
கொல்லிமலை.
ஆடி 3

அன்புள்ள மாமாவுக்கு,

அருள்மொழி எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்கிறேன். ஆனால் போனில் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் கடிதம். சின்னுசாமி அண்ணன் போர்வெல் ரிக் வண்டியைப் பழுது பார்க்க வேண்டிய சாமான்களோடு நாளை சத்தீஸ்கருக்குத் திரும்புகிறார். இதை உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மிளகுக்கொடி நன்றாகப் பிடித்துவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை. நம் மேகலாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா நீங்கள் வந்து பார்க்கும்வரை புதுப்பல் முளைக்கக் கூடாதாம்.

இனி என் விஷயம். சென்னையில் மருத்துவக் கல்லூரிக் கலந்தாய்வுக்கு இந்த மாதக் கடைசியில் நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். நம் மலைப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் என் மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்துவிடும் என்று பள்ளிக்கூட வாத்தியார் அடித்துச் சொல்கிறார். போனில் இதைச் சொன்னதும் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டீர்கள். அன்று சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, மாமா.

ஆரம்பத்தில், நீட் தேர்வு எழுதட்டுமா என்று கேட்டபோது, நீங்கள் தடுக்கவில்லை. "ஆசைக்கு எழுதிப் பாரு கண்ணு" என்றீர்கள். நான் தேறமாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் சொன்னீர்களோ என்று இப்போது தோன்றுகிறது.

எதற்கு இந்த வயதில் டாக்டர் படிப்பு என்று ஊரே கேட்கிறது. ஆஸ்பத்திரியில் என்னோடு நர்ஸ் வேலை பார்க்கும் பெண், "ஏனுங்கக்கா, வேலை நிரந்தரம் ஆகப்போற நேரத்துல யாராச்சும் விட்டுட்டுப் போவாங்களா?" என்று தினமும் கேட்கிறாள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. உங்களுக்கு மட்டும் ஒழுங்காகச் சொல்கிறேன். போன வருடம் ராமாயி அக்காவைப் பிரசவம் ஆன மூன்றாம் நாள் மூச்சிரைப்போடு தூக்கி வந்தார்கள். டாக்டர் நாமக்கல்லுக்கு மீட்டிங் போயிருந்தார். ஆக்ஸிஜன் வைத்தேன், அவர் போனில் சொன்ன ஊசியைப் போட்டேன், ஆம்புலன்ஸில் கூடவே ஏறினேன். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் அக்கா என் கையை விடவில்லை. "எனக்கு என்ன ஆவுது சாமி? உனக்குத் தெரியுமில்ல, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அக்கா பிழைத்துக்கொண்டார். நான்தான் அன்று முதல் என் வேலையில் பழையபடி நிற்க முடியாமல் தவிக்கிறேன்.

சித்திரையில் தேர்வுக்கு வந்துவிடுகிறேன் என்றீர்கள். தேர்வுக்கு முந்தின நாள் போன் செய்து, துளை போடும் ராடு குழிக்குள் மாட்டிக்கொண்டது, வர முடியாது என்றீர்கள். உங்கள் தொழில் தெரிந்தவள்தான், குறை சொல்லவில்லை. உங்கள் அப்பாதான் கூட வந்தார். நான் படிக்க ஆரம்பித்த நாள் முதல் என்னோடு நேராகப் பேசாதவர். "உங்கம்மாகிட்டச் சோறு போடச் சொல்லு" என்று மேகலா மூலமாகத்தான் பேச்சு. அவர் வேட்டி மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்து எனக்கே நம்ப முடியவில்லை.

தேர்வு மையத்தின் வாசலில் உலோகம் எதுவும் கூடாது என்றார்கள். தோடு, மூக்குத்தி, கடைசியில் மெட்டி. கூட்டத்துக்கு நடுவே குனிந்து மெட்டியைக் கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். அழுகை முட்டியது. உங்கள் அப்பா இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டு முனையில் முடிந்துகொண்டு, "நீ போ சாமி. நான் இங்கதான் இருக்கறன்" என்றார். எத்தனையோ மாதம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். சாயங்காலம் வெளியே வந்தபோது அதே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். முடிச்சு எங்காவது அவிழ்ந்துவிடுமோ என்று பயந்து, பக்கத்துக் கடைக்குச் சாப்பிடக்கூடப் போகவில்லையாம்.

மதிப்பெண் வந்த அன்று அவர் டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தை உங்களிடம் சொல்லத்தான் அத்தனை முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை.

போன வாரம் சந்தையில் சின்னுசாமி அண்ணன் சம்சாரம் அம்சவேணியைப் பார்த்தேன். வேடிக்கையாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். ரிக் வண்டி ஆட்கள் எல்லாரும் இருக்கும்போது, "டாக்டரம்மாவுக்கு போர்வெல் வண்டிக்காரன் எதுக்கு?" என்று நீங்கள் சொன்னீர்களாம். எல்லாரும் சிரித்தார்களாம். காய் எதுவும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மழைக் காலத்தில் வண்டி ஓடாது, ஆட்கள் எல்லாரும் ஊர் வந்துவிட்டார்கள், நீங்கள் மட்டும் வண்டிக்குக் காவல் என்று ஏன் அங்கேயே இருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரார் முன்னால் சொல்ல முடிந்ததை என்னிடம் ஏன் கேட்கவில்லை? திட்டியிருக்கலாம், வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். பதில் சொல்லியிருப்பேன். பேசாமல் இருப்பவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்தக் கோபத்தில் கலந்தாய்வுக்குப் போகவில்லை என்று உங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போனார். மறுநாள் இரண்டு ரயில் டிக்கெட்டோடு வந்தார். ஒன்று எனக்கு, இன்னொன்று உங்களுக்கு. "அவன் வல்லீன்னா நான் வாரேன்" என்றார்.

நான் போகிறேன், மாமா. இதை மட்டும் உங்களைக் கேட்டு முடிவு செய்யவில்லை. சேலம் கிடைத்தால் வாரா வாரம் வந்து போகலாம். தூத்துக்குடி என்றால் மேகலாவை எப்படிப் பிரிந்திருப்பது என்று நினைக்கவே முடியவில்லை. அத்தை காலை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் ஓடுவார்? இதையெல்லாம் நான் ஒருத்தியே யோசித்து யோசித்துத் தலை வெடிக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

வருவதாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். வரவில்லை என்றாலும் என்னிடம்தான் சொல்ல வேண்டும். சின்னுசாமி அண்ணனிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். புதுச் சட்டை தேட வேண்டாம். கல் தூசி படிந்த அந்தக் காக்கிச் சட்டையோடு அப்படியே வண்டி ஏறி வாருங்கள். என் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யார் என்று அங்கே கேட்பார்கள். என் வீட்டுக்காரர் என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மழையில் நனையாதீர்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
அருள்மொழி