சொந்த விருப்பத்தின் பேரில்

என் அருமை மச்சான் கதிருக்கு,

நீ போய் இருபத்து மூன்று நாள் ஆகிறது. நலம் விசாரிக்க வழியில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி உன்னைப் பற்றி ஓர் அறிக்கை எழுதியிருக்கிறது. “பெர்மிட் வரும்வரை காத்திருக்காமல், தமது சொந்த விருப்பத்தின் பேரில் தொட்டிக்குள் இறங்கினார்.” நாளைக் காலை விசாரணை அதிகாரியின் முன்னால் நான் இதற்கு ஆமாம் போட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கதிர் எனக்குப் பாலிடெக்னிக்கில் பழக்கம். பிறகு என் அக்கா ரேவதியைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேருக்கும் ஒரே கப்பல் பட்டறையில் வேலை. அவன் வெல்டிங் குழுவுக்கு மேற்பார்வையாளன். நான் மூடிய தொட்டிகளில் காற்றைச் சோதித்து, இறங்கலாம் என்று பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிறவன். நெடுநாள் மூடிக்கிடந்த இரும்புத் தொட்டியில் துரு பிடிக்கப் பிடிக்க ஆக்சிஜன் தீர்ந்துபோகும். வாசனை வராது, இருமல் வராது. இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாலான் புசார் முனைக் கடையில் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? நூலகத்திலிருந்து எடுத்துவந்த தத்துவப் புத்தகத்தில் எண்ணெய் படாமல் மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாய்.

“எறிஞ்ச கல்லுக்குப் புத்தி வந்தா, நானே ஆசைப்பட்டுப் பறக்குறேன்னு நினைச்சுக்குமாம். எப்படி?”

“கரெக்டா சொல்லியிருக்கான். மனுசனும் கல்லுதான். இன்புட் குடுத்தா அவுட்புட். சுதந்திரமாவது மண்ணாங்கட்டியாவது.”

“அப்ப என் பரோட்டாவுல கை வச்சது?”

“பசி. இன்புட்.”

“கையை எடுடா. இல்லன்னா முதுகுல இன்னொரு இன்புட் விழும்.”

சிரித்துவிட்டு விடாமல் சொன்னாய்: “கல்லால நடுவுல நிக்க முடியாது மச்சான். உன்னால முடியும். அதை மட்டும் யாராலும் உன்கிட்டேருந்து எடுக்க முடியாது.” எனக்குப் பொறுமை கிடையாது. “வெட்டிப் பேச்சு, டீ ஆறுது லா” என்றேன்.

நீ போன அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது, நான் சொல்கிறேன். என் உதவியாளர் மருத்துவ விடுப்பில் இருந்தார். கப்பல் மறுநாள் கிளம்ப வேண்டும். ஐந்து தொட்டிகளில் நான்கைச் சோதித்து முடித்திருந்தேன், நான்கிலும் 20.9. வெளிக்காற்றில் ஆக்சிஜன் அவ்வளவு விழுக்காடு என்று எங்கள் தொழிலில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். வேலை நெருக்கினால் மேசையிலேயே உட்கார்ந்து அந்த எண்ணை எழுதிவிடுவதும் எங்களிடையே வழக்கம்தான். ஐந்தாவது தொட்டிக்கு அப்படித்தான் எழுதினேன். குழாயை இறக்கிச் சோதிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். மீட்டர் என் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

தாளைக் கொண்டுபோய்த் தொட்டி வாயிலில் இருந்த பலகையில் மாட்டியதும் நான்தான். எப்போதும் போல ஆட்களை நிறுத்திவிட்டு நீ முதலில் இறங்கினாய். பின்னால் நின்ற வெல்டர் என்னிடம் சொன்னார். தாளை நீ வரி வரியாகப் படித்தாயாம். திரும்பி, “நம்ம மச்சான் சைன்தான், பயப்படாம வாங்க” என்றாயாம். ஏணியின் பாதியில் உன் கை விட்டுவிட்டது.

மறுநாள் மேனேஜர் தம் அறைக்குக் கூப்பிட்டார். அந்தத் தாள் பிளாஸ்டிக் உறைக்குள் மேசைமேல் இருந்தது.

“இது பலகையில இருந்ததைப் பார்த்தவங்களுக்கு வேலை வேணும். பேச மாட்டாங்க.”

“நான் என்ன செய்யணும் சார்?”

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தம்பி. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தல லா. முடிவு உன்னோடது.” உறையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார். அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன், கிழித்துப் போடவில்லை.

அறிக்கையைப் பலமுறை படித்துவிட்டேன். “பணிச்சுமை, ஆள் பற்றாக்குறை ஆகிய சூழ்நிலைகளால் பெர்மிட் வழங்கத் தாமதமானது” என்று என்னைப் பற்றி இருக்கிறது. அடுத்த பத்தியில் நீ வருகிறாய், உனக்கு மட்டும் சொந்த விருப்பம். செத்தவனுக்குச் சுதந்திரம், பிழைத்தவனுக்குச் சூழ்நிலை. ஆயிரக்கணக்கான வருடமாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி என்பாயே, அதைக் கம்பெனி வக்கீல் இரண்டு பத்தியில் முடித்துவிட்டார்.

பட்டறை வாசலில் நான்கு மொழியிலும் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆபத்து என்று தோன்றினால் யாரும் வேலையை நிறுத்தலாம் என்று. யார் நிறுத்தியிருக்கிறார்கள்? உரிமையைக் கொடுத்தாயிற்று, இனி விழுந்தால் விழுந்தவன் தப்பு. இந்த ஊரில் எல்லாத் திரையிலும் ‘சம்மதிக்கிறேன்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது, நாமும் படிக்காமல் தட்டிவிட்டுப் போகிறோம். ஆனால் நீ படித்தாய் மச்சான். படித்துவிட்டுத்தான் இறங்கினாய். பொய்யான எண்ணைப் பார்த்து ஒருவன் முடிவெடுத்தால் அது யாருடைய விருப்பம்?

பதினாறாம் நாள் பிறந்த வீட்டுக் கோடி நான்தானே போட வேண்டும்? சிராங்கூன் சாலையில் புடவைக் கடைக்குப் போனேன். “அக்காவுக்கா? என்ன விசேஷம் தம்பி?” என்று கேட்டுக்கொண்டே கடைக்கார அம்மா பட்டைப் பிரித்தார். “கோடி” என்றேன். பிரித்த பட்டை அப்படியே மடித்து வைத்துவிட்டு வேறு அடுக்குக்குப் போனார்.

உன்னைக் கொன்ற கையால் அதை அக்காவிடம் கொடுத்தேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

“ஒரு சட்டை வாங்க மூணு கடை ஏறி இறங்குவாருடா உன் மச்சான். அன்னைக்கு மட்டும் பத்து நிமிசம் காத்திருக்க முடியலயா? என்னை ஒரு தடவ நெனச்சிருந்தா இறங்கியிருப்பாரா?”

அவள் உன்மேல் கோபமாக இருந்தாள், கதிர். நான் அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அப்போது என்னை அவசரப்படுத்த எந்தக் கப்பலும் இல்லை. பேசாமல் இருந்தது முழுக்க என் முடிவு. அதற்குப் பிறகு ஏழு நாளும் தினமும் புதிதாக அதே முடிவை எடுத்தேன்.

இன்று காலை மார்சிலிங்கில் அக்கா வீட்டுக்குப் போய் உறையை அவளிடம் நீட்டினேன்.

“என்னடா இது?”

“பெர்மிட். அன்னைக்குப் பலகையில இருந்துச்சு. நான் போட்டது.”

“இந்த நம்பர்?”

“சோதிக்காம எழுதினேன்க்கா.”

தாளை உறையோடு வெளிச்சத்தில் பிடித்தாள். “இதைப் பார்த்துட்டா இறங்கினாரு?”

“ஆமா.”

“உன் கையெழுத்துன்னு தெரியுமா அவருக்கு?”

“தெரியும்.”

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அவள் எழுந்து உன் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். “இத்தனை நாளா உங்களைத் திட்டிட்டேங்க” என்றாள். உன் பக்கம் அவள் திரும்பி வந்துவிட்டாள் மச்சான். இந்த ஒரு நல்ல செய்திதான் என்னிடம் இருக்கிறது.

நான் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “தாளு இங்கயே இருக்கட்டும். நாளைக்கு விசாரணைக்கு நானே கொண்டு வரேன். உன்கிட்ட குடுத்து அனுப்ப முடியாது.”

“சரிக்கா.”

“அக்கான்னு கூப்பிடாத.”

நாளை என்ன ஆகும்? வேலை போகும். வழக்கு வரும், சிறையும் வரலாம். இதைத் தியாகம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். தாள் அவள் பையில் இருக்கும்போது நான் மறைக்க நினைத்தாலும் மறைக்க முடியாது. எனக்கு மிச்சம் இருப்பது அவள் பையைத் திறப்பதற்கு முன்னால் உள்ள கொஞ்ச நேரம்தான். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: அவள் அந்த உறையில் கை வைக்குமுன், யாரும் கேட்குமுன், நானே எழுந்து சொல்லிவிடுவேன்.

ரேவதியின் தம்பி,
பிரபு